ஒரே பாட்டு, ஒரே நேயர்: இணைய வானொலி நடத்துபவர்கள் செய்யும் தவறுகள்

இணைய வானொலி நடத்தும் இருவர் சந்தித்துக்கொண்டால், சற்று நேரத்திலேயே பேச்சு நேயர் விருப்பத்துக்கு வந்துவிடும். "அதே ஆள், அதே பாட்டு" என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். "பாட்டையே எடுத்துவிடுங்கள்" என்று மற்றவர் வழி சொல்வார். இரண்டுமே அவசரம். திரும்பத் திரும்ப வரும் விருப்பங்களில் பெரும்பகுதியை நிலையமே வரவழைத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். மென்பொருளின் அமைப்புகளைச் சரியாக வைக்காததாலும், கேட்டவருக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாததாலும் வருவதே அதிகம். பிடிவாதக்கார நேயர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் சிலர்தான்.

ஒருவர் பத்து முறை கேட்பதும் பத்துப் பேர் ஒரு முறை கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு வரம்பு வேண்டும். இரண்டாவது, உங்கள் வழக்கமான சுழற்சியில் (நிலையம் தானாக ஓட்டும் பாட்டு வரிசையில்) அந்தப் பாட்டு போதுமான அளவு வரவில்லை என்று நேயர்கள் சொல்லும் செய்தி. வாரக் கடைசியில் விருப்பப் பட்டியலை எடுத்து, எந்தப் பாட்டை எத்தனை வெவ்வேறு பேர் கேட்டார்கள் என்று பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போடுவதுதான் முதல் தவறு.

இரண்டாமவரின் கோரிக்கையைக் குப்பையில் போடுவது

பழைய வானொலிக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஜும்ரி திலையா என்ற சிறிய ஊர், இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்புக்கும் 1957இல் தொடங்கிய விவித் பாரதிக்கும் அனுப்பிய விருப்பக் கடிதங்களாலேயே இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. ஒருவரை ஒருவர் முந்துவதற்கென்றே அங்கே நேயர் மன்றங்கள் இருந்தன. அறிவிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ஒரே பாட்டைக் கேட்ட எல்லோருடைய பெயரையும் ஊரையும் வரிசையாக வாசித்துவிட்டு, பாட்டை ஒரு முறை ஒலிபரப்பினார்கள். தமிழ் நேயர் விருப்பமும் அப்படித்தான் நடந்தது. தம் பெயரைக் கேட்பதற்காகவே வானொலி முன் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் ஏராளம்; பாட்டு அதற்கு அடுத்தபடிதான்.

இன்றைய மென்பொருள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அஸூராகாஸ்ட் போன்ற இணைய வானொலி மென்பொருள்களில், வரிசையில் ஏற்கெனவே காத்திருக்கும் பாட்டை இன்னொருவர் கேட்டால், அது முன்பே கேட்கப்பட்டுவிட்டது என்ற பிழைச் செய்தி வரும். அவர் பெயர் எங்கும் பதிவாகாது. அவருக்கு எஞ்சுவது 'என் விருப்பத்தை மறுத்துவிட்டார்கள்' என்ற எண்ணம் மட்டுமே. அரை மணி கழித்து மறுபடி கேட்பார், பிறகு வாட்ஸ்அப்பில் கேட்பார், அடுத்து மனைவியின் கைபேசியிலிருந்து கேட்பார். நிலையம் இதைத் தொல்லை என்கிறது. நேரலை நிகழ்ச்சியாக இருந்தால் விருப்பங்களைத் தனிப் படிவத்தில் வாங்கி, பாட்டு வாரியாகப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு ஏழு பெயர் என்பது அறிவிப்பாளருக்குக் கிடைத்த நல்ல சரக்கு.

பதினைந்து நிமிட வரம்பு

மென்பொருளை நிறுவியபோது இருந்த அமைப்பைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டும் நிலையங்கள் உண்டு. அஸூராகாஸ்டில் இயல்பாக இருக்கும் வரம்பு 15 நிமிடம். அதாவது, ஒரு பாட்டு ஒலித்து 15 நிமிடம் ஆகிவிட்டால் மறுபடி கேட்கலாம். மூன்று நான்கு பாட்டுகளுக்கு ஒரு முறை அதே பாட்டு வர நீங்களே வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். நேயரைக் குறை சொல்லி என்ன பயன்? சில ஆயிரம் பாட்டுகள் உள்ள நிலையம் இதைத் தயங்காமல் ஆறு மணி நேரமாகவோ அதற்கு மேலோ வைக்கலாம். முந்நூறு பாட்டுகள் மட்டுமே இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் போதும். அதைக் கூட்டக் கூட்ட, விருப்பமாகக் கேட்பதற்குக் கிடைக்கும் பாட்டுகள் குறையும்.

'ஒரு நாளைக்கு ஒரு முறை' என்ற விதி நியாயமாகத் தோன்றும். யாருடைய நாள்? சென்னையில் காலை ஏழு மணி என்றால் டொரொண்டோவில் முந்தைய நாள் இரவு எட்டரை (கோடையில் ஒன்பதரை). சென்னையின் நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கினால், 11.50க்கு ஒலித்த பாட்டு 12.10க்கு மறுபடி வரும். கடைசியாக ஒலித்த நேரத்திலிருந்து மணிக்கணக்கு வைப்பதே சரி.

ஒரே பாட்டு, நான்கு பிரதிகள்

வரம்பை எவ்வளவு இறுக்கினாலும் அதே பாட்டு வந்துகொண்டிருந்தால், கோளாறு நூலகத்தில், அதாவது நிலையம் சேமித்து வைத்திருக்கும் பாட்டுக் கோப்புகளில் இருக்கிறது. திரைப்பாடல்களில் இது மிக அதிகம். படத்தின் ஆல்பத்தில் ஒரு பிரதி, பாடகரின் பொன்விழாத் தொகுப்பில் ஒன்று, 'எண்பதுகளின் காதல் பாடல்கள்' என்று யாரோ தொகுத்த வட்டில் ஒன்று, ஒலியைத் துலக்கி வெளியிட்ட பதிப்பு ஒன்று. ஒன்றில் கலைஞர் என்ற இடத்தில் பாடகர் பெயர், மற்றொன்றில் இசையமைப்பாளர் பெயர், மூன்றாவதில் கதாநாயகன் பெயர்! பாட்டின் முதல் வரி ஒரு கோப்பில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கில எழுத்திலும் இருக்கும். ஆங்கில எழுத்திலும் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். மென்பொருள் பெரும்பாலும் கலைஞர், தலைப்பு ஆகிய எழுத்துகளை வைத்துத்தான் இரண்டு கோப்புகள் ஒன்றா என்று முடிவு செய்கிறது. அதன் கண்ணுக்கு இவை நான்கு தனிப் பாட்டுகள்.

இதற்குக் குறுக்கு வழி இல்லை. உட்கார்ந்து திருத்த வேண்டும். அதிகம் கேட்கப்படும் நூறு பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். முழு நூலகத்தையும் முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்புபவர்கள் பாதியில் கைவிடுவார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு பிரதியை மட்டும் விருப்பப் பட்டியலில் விடுங்கள். ஆண் குரல் வடிவம், பெண் குரல் வடிவம், சோக வடிவம் ஆகியவை உண்மையிலேயே தனிப் பாட்டுகள். அவற்றைத் தலைப்பிலேயே பிரித்துக் காட்டினால் போதும்.

ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) நம்பி, அதிகம் கேட்பவருக்குத் தடை போடுவதும் வீண் வேலைதான். இந்தியக் கைபேசி நிறுவனங்களின் இணையத்தில் பலருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி போகிறது. ஒருவரைத் தடுத்தால் அவரை அறியாத பலர் தடுக்கப்படுவார்கள். தடுக்கப்பட வேண்டியவரோ, இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைந்து புதிய முகவரியோடு வந்துவிடுவார்.

படத்தையும் பாடகரையும் மறப்பது

பாட்டுக்கு மட்டும் வரம்பு வைத்தால், ரசிகர் ஒருவர் ஒரே படத்தின் ஐந்து பாட்டுகளையும் வரிசையாகக் கேட்பார். விதி மீறப்படவில்லை, ஆனால் நிலையம் ஒரே படமாகிவிட்டது. படம், பாடகர், இசையமைப்பாளர் ஆகியவற்றுக்கும் இடைவெளி வேண்டும்.

அமெரிக்காவின் சட்டபூர்வ உரிமத்தின் (ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனியாக அனுமதி கேட்காமல், சட்டமே தரும் உரிமத்தின்) கீழ் ஒலிபரப்பும் தமிழ் நிலையங்களுக்கு இது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, எந்த மூன்று மணி நேரத்தை எடுத்தாலும் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது என்கிறது. ஒரே கலைஞருக்கு நான்கு, தொடர்ச்சியாக மூன்று. விருப்பம் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளோ குறித்துச் சொன்ன நேரத்திலோ ஒலிக்கும் பாட்டுகளே ஒரு நிலையத்தின் பெரும்பகுதியாகிவிட்டால், அது அந்த உரிமத்துக்குள் அடங்காது. ஆகவே 'கேட்டவுடன் உங்கள் பாட்டு' என்று விளம்பரம் செய்து, நாள் முழுக்க அப்படியே நடத்துவது ஆபத்து. வரப்போகும் பாட்டுகளின் பெயரை முன்கூட்டி வெளியிடுவதற்கும் அங்கே தடை உண்டு. விருப்பத்துக்கான நேரங்களைத் தனியாக ஒதுக்கி, மற்ற நேரத்தில் சுழற்சியை ஓட விடுங்கள். கேட்டவருக்கு 'கிடைத்தது, நன்றி' என்று பதில் போனால் போதும். எத்தனை மணிக்கு என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கேலி செய்வது

'இவர் மறுபடியும் வந்துவிட்டார்' என்று ஒலிபரப்பில் சிரிக்கும் அறிவிப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த நேயர் பெயரை மாற்றிக்கொண்டு திரும்புவார், அல்லது சொல்லாமல் போய்விடுவார். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் இனி பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். தினமும் ஒரே பாட்டைக் கேட்பவருக்கு ஏதோ காரணம் இருக்கும். அதைத் துருவ வேண்டியதில்லை. அவர் பெயரைச் சொல்லி, அதே குரலில், அதே ஆண்டுகளில் வந்த, அவ்வளவாக ஒலிக்காத வேறொரு பாட்டைப் போடுங்கள். பலர் மறுநாள் அந்தப் புதிய பாட்டைக் கேட்பார்கள். அதற்கும் அசையாதவருக்கு வாரத்தில் ஒரு நாள் அந்தப் பாட்டு உண்டு என்று தனியாக எழுதிச் சொல்லிவிட்டு, சொன்னபடி போட்டுவிடுங்கள்.

வரம்புகளைத் தளர்த்த வேண்டிய நாட்களும் உண்டு. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்த செய்தி வந்தபோது நேயர்களுக்கு வேறு பாடகர் நினைவில் இல்லை. அப்படி ஒரு நாளில், 'இந்தப் பாடகரின் பாட்டு சற்று முன்புதான் ஒலித்தது, பிறகு முயலுங்கள்' என்று தானியங்கிச் செய்தி அனுப்பும் நிலையத்தை யார் மன்னிப்பார்கள்? உங்கள் உரிமம் இடம் கொடுக்கும் அளவுக்குக் கையால் திறந்துவிடுங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அறிவிப்பாளர்கள் எல்லோருக்கும் முன்பே காட்டி வையுங்கள்.