உப்புக்காத்து ஊர்ல ஹோம் தியேட்டருக்கு யுனிவர்சல் ரிமோட்: வாங்குறதும் செட் பண்றதும்

நம்ம கடற்கரை ஊருங்கள்ல ஒரு ஹோம் தியேட்டர் செட்டு பத்து வருஷம் கூட நல்லா பாடும், ஆனா அதோட ரிமோட் அதுல பாதி காலம் தாங்குறதே பெருசு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, தொண்டி எங்க வேணா விசாரிச்சுப் பாருங்க, செட்டு நல்லா இருக்கும், ரிமோட்டுக்குள்ள ஸ்பிரிங்கு பச்சை புடிச்சு உதிர்ந்து கெடக்கும். உப்புக்காத்துக்கு அவ்வளவு சின்ன தகடு எல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

எங்க வீட்டுல சித்தப்பா கத்தார்ல இருந்து கொண்டாந்த 5.1 செட்டு (அஞ்சு ஸ்பீக்கரு, ஒரு ஊஃபர்) ஒண்ணு இருக்கு. கச்சான் காத்து அடிக்கிற ரெண்டு மூணு மாசம் அதை யாரும் போடல, ரிமோட்டுக்குள்ள கட்டைய, அதான் பேட்டரிய, கழட்டாம நான் அப்படியே ஜன்னல் மேல வச்சுட்டேன், எடுத்துப் பாத்தா கட்டை ஒழுகி உள்ள போர்டு வரைக்கும் அரிச்சிருச்சு. அப்புறம் பல கம்பெனி செட்டுக்கும் ஒத்துப்போற யுனிவர்சல் ரிமோட் ஒண்ணு வாங்கி, நம்ம கம்பெனிக்கான கோடு (code) நம்பரை போட்டுப் பாத்தேன், ஆன் ஆச்சு, வால்யூம் வேலை செஞ்சுச்சு, ஆனா ஊஃபர் சத்தத்தை குறைக்கிற பட்டனும் இன்புட் மாத்துற பட்டனும் கடைசி வரைக்கும் கெடைக்கல. விடியக்காலம் பாட்டு கேக்குற அப்பத்தாவுக்கு அந்த ஊஃபர் தும் தும்முனு நெஞ்சுல அடிக்குதுன்னு பாட்டையே நிறுத்திட்டாங்க. அந்த வருத்தத்துலதான் இதை உக்காந்து கத்துக்கிட்டேன். அதனால முதல்லயே சொல்லிடறேன், ஒரிஜினல் ரிமோட் உயிரோட இருக்கும்போதே இதை செஞ்சு வச்சுருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க

உங்க ரிமோட் இன்ஃப்ராரெட்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல, வேலை செய்யுதா, ப்ளூடூத்லயான்னு மொதல்ல தெரியணும். போன்ல செல்ஃபி கேமராவ ஆன் பண்ணி, ரிமோட்டோட மூக்கை (செட்டை பாத்து நீட்டுற முனை) கேமராவுக்கு நேரா காட்டி ஒரு பட்டனை அமுக்குங்க. ஊதா கலர்லயோ வெள்ளையாவோ ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னுச்சுன்னா அது இன்ஃப்ராரெட். பின்பக்க கேமராவுல அந்த வெளிச்சத்தை தடுக்குற ஃபில்டர் நல்லாவே இருக்கும், அதுல தெரியலன்னு ரிமோட் செத்துப்போச்சுன்னு நெனச்சுராதீங்க. புது கட்டை போட்டும் செல்ஃபி கேமராவுல ஒண்ணுமே தெரியல, ஆனா செட்டு மட்டும் வேலை செய்யுதுன்னா அது அநேகமா ப்ளூடூத் மாதிரி ரேடியோவுல பேசுற ரிமோட், அதுக்கு சாதாரண யுனிவர்சல் ரிமோட் உதவாது. ஃபயர் டிவி ஸ்டிக் ரிமோட் அப்படித்தான், ஸ்டிக்கோட ப்ளூடூத்துல பேசும், டிவியோட பவர், வால்யூம் மாதிரி பட்டனுக்கு மட்டும் இன்ஃப்ராரெட் அனுப்பும்.

ரெண்டாவது, உங்களுக்கு உண்மையிலேயே ரிமோட் வேணுமான்னு பாருங்க. சவுண்ட்பாரை (டிவிக்கு கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர்) டிவி பின்னாடி "HDMI ARC"னு எழுதியிருக்குற ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டுல மாட்டியிருந்தா, டிவி செட்டிங்ஸ்ல சிஇசிய (ஒரு ரிமோட்டாலயே ரெண்டையும் இயக்குற வசதி) ஆன் பண்ணாலே டிவி ரிமோட்லயே சவுண்ட்பார் வால்யூம் ஏறி இறங்கும். சாம்சங்ல இதுக்கு பேரு எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க். இது சரியா வந்துச்சுன்னா கடைக்கே போக வேணாம்.

எதை வாங்கணும்

கடையில யுனிவர்சல் ரிமோட்னு கேட்டா ரெண்டு ரகம் குடுப்பாங்க. ஒண்ணு கோடு போடுறது, உள்ளயே நெறைய கம்பெனியோட கோடு இருக்கும், கூட ஒரு சின்ன புக்கு தருவாங்க, அதுல பாத்து நம்பரை போடணும். இன்னொண்ணு லேர்னிங் ரிமோட், உங்க பழைய ரிமோட்டை எதிர்ல வச்சு பட்டன் பட்டனா கத்துக்குடுக்கணும். கையில ஒரிஜினல் ரிமோட் வேலை செய்யுற நெலமையில இருந்தா யோசிக்கவே வேணாம், லேர்னிங் வாங்குங்க. ஆடியோ செட்டுக்கு கோடு ரிமோட்ல முழுசா எல்லா பட்டனும் கெடைக்கிறது கஷ்டம், டிவிக்குன்னா அது போதும்.

லாஜிடெக் ஹார்மனி ரிமோட் பழசு கெடைக்குதுன்னு யாராச்சும் சொன்னா, 2021 ஏப்ரல்லயே கம்பெனி அதை தயாரிக்கிறத நிறுத்திட்டாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது வேணாம். ரெட்மி, போகோ போன்கள் நெறையதுல மேல இன்ஃப்ராரெட் இருக்கு, மி ரிமோட் ஆப் போட்டா அவசரத்துக்கு ஆகும், ஆனா வீட்டுல பெரியவங்க கையில போனை குடுத்து வால்யூமை குறைங்கன்னா ஆகுற காரியமா.

கடைக்கு போகும்போது ஒரிஜினல் ரிமோட்டையும் எடுத்துட்டுப் போங்க. அங்கயே ஒரு பட்டனை கத்துக்குடுத்துட்டு, கட்டைய கழட்டி அஞ்சு நிமிஷம் வெளிய வச்சு, திரும்ப போட்டு கேமராவுல பாத்தீங்கன்னா வெளிச்சம் வரணும். கட்டை கழட்டுனதும் கத்துக்கிட்டது எல்லாத்தையும் மறக்குற ரிமோட்டை வாங்காதீங்க. பட்டன் பெருசா, இடைவெளி விட்டு இருக்கான்னும் பாருங்க.

ஒரிஜினலை முதல்ல சுத்தம் பண்ணுங்க

கட்டை போடுற இடத்துல வெள்ளையா பொரிஞ்சு போயிருந்தா, அது அல்கலைன் கட்டை ஒழுகுனது. இயர்பட்ஸ்ல எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ துளி தொட்டு தேச்சா நுரைச்சுக்கிட்டு வரும், அப்புறம் தண்ணியில லேசா நனைச்ச பட்ஸ்ல தொடைச்சு நல்லா காய விடுங்க. பச்சை புடிச்ச தகடை பென்சில் ரப்பராலயோ ரொம்ப நைசான உப்புத்தாளாலயோ மெதுவா தேயுங்க, அழுத்துனா மேல உள்ள பூச்சு போயி இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கட்டை ரெண்டும் ஒரே நேரத்துல வாங்குன புதுசா இருக்கட்டும், ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு போட்டா பழசு சீக்கிரம் ஒழுகும். சார்ஜ் பண்ற கட்டை 1.2 வோல்ட்தான் தரும், சாதா கட்டை 1.5 வோல்ட், கத்துக்குடுக்குற அன்னைக்கு மட்டுமாவது புது சாதா கட்டை போடுங்க, வெளிச்சம் பலமா வரணும்.

கத்துக்குடுக்குற முறை

ஒரு மேசை மேல ரெண்டு ரிமோட்டையும் மூக்கும் மூக்கும் பாத்த மாதிரி வைங்க, நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் போதும். ஒண்ணு தடிமனாவும் ஒண்ணு தட்டையாவும் இருந்தா தட்டையா இருக்குறதுக்கு கீழ தீப்பெட்டியோ நோட்டோ வச்சு ரெண்டு மூக்கும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி பாத்துக்குங்க, நான் மொத மொத செஞ்சப்ப இதை கவனிக்காம ஒரு மணி நேரம் வீணாப்போச்சு. ஜன்னல் வெயில் நேரா அடிக்கக்கூடாது, மேல எரியுற டியூப்லைட்டு எல்இடி பல்பையும் அணைச்சுருங்க, அதுங்களோட மினுமினுப்பும் ரிமோட்டுக்கு சிக்னல் மாதிரியே தெரியும்.

புது ரிமோட்ல செட் பட்டனையோ லேர்ன் பட்டனையோ சின்ன லைட்டு நின்னு எரியுற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. எந்த பட்டன்ல ஏத்தணுமோ அதை அமுக்குங்க, லைட்டு மினுக்க ஆரம்பிக்கும். இப்போ ஒரிஜினல்ல அதே வேலைக்கான பட்டனை ஒரு தட்டு தட்டி விட்டுருங்க. லைட்டு ரெண்டு மூணு தடவை வேகமா மினுக்குனா ஏறிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த பட்டன், அடுத்த பட்டன்னு போயிட்டே இருங்க, எல்லாம் முடிஞ்சதும் செட் பட்டனை அமுக்கி சேமிங்க. பட்டன் பேரு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், முறை இதேதான்.

அந்த ஒரு தட்டுங்கறதுதான் முக்கியம். நெறைய ஆடியோ செட்டோட ரிமோட் என்இசிங்கற சிக்னல் முறையில பேசுது. பட்டனை அமுக்குனதும் முழு கோடும் ஒரு தடவைதான் போகும், அப்புறம் கையை எடுக்காம வச்சிருந்தா "இன்னும் அமுக்கிட்டுத்தான் இருக்கேன்"னு ஒரு குட்டி சிக்னல் மட்டும் நூத்திச்சொச்சம் மில்லிசெகண்டுக்கு ஒருதரம் போயிட்டே இருக்கும். நீங்க ஒரிஜினல் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே லேர்ன் போட்டா புது ரிமோட் அந்த குட்டி சிக்னலை மட்டும் கத்துக்கும், லைட்டு என்னவோ சரின்னு மினுக்கும், செட்டு மட்டும் அசையாது. ஒரு தட்டுக்கு வால்யூம் நாலஞ்சு படி ஏறுதுன்னாலும் காரணம் இந்த அழுத்தம்தான், அந்த பட்டனை மட்டும் திரும்ப கத்துக்குடுங்க.

டிவிக்கும் செட்டுக்கும் சேத்து ஒரே ரிமோட் வைக்கிறதா இருந்தா டிவி பட்டன்களை எல்லாம் ஏத்திட்டு, வால்யூம் ரெண்டையும் மியூட்டையும் மட்டும் ஹோம் தியேட்டர் ரிமோட்ல இருந்து ஏத்துங்க. பவர் பட்டனை மட்டும் தனித்தனியாவே வைங்க.

கோடு போடுறதா இருந்தா

செட்டை ஆன் பண்ணி வச்சுக்கிட்டு, செட் பட்டனை பிடிச்சு லைட்டு எரிஞ்சதும் ஆடியோ பட்டனை அமுக்கி, புக்குல ஆடியோ பக்கத்துல உள்ள நம்பரை போடுங்க. டிவி பக்கத்துல உள்ள கோடு ஒரே கம்பெனியா இருந்தாலும் ஹோம் தியேட்டருக்கு சேராது. பவர் வேலை செஞ்சதும் நிறுத்திராதீங்க, வால்யூம், இன்புட், ஊஃபர் எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க, ஏதாச்சும் வரலன்னா அடுத்த கோடு. தானா தேடுற வசதி இருந்தா செட்டு அணைஞ்ச அந்த நொடியே சேமிக்கணும், ஒண்ணு தாண்டிருச்சுன்னா மறுபடி முதல்ல இருந்துதான்.

ஒரிஜினல் போயே போச்சுன்னா

நான் கடைசியில செஞ்சது இதுதான். மண்டபத்துல ஒரு மாமா வீட்டுல எங்க செட்டு மாதிரியே ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் லேர்னிங் ரிமோட்டை எடுத்துக்கிட்டு அங்க போனேன், அவங்க ரிமோட்டுக்கு எதிர்ல வச்சு இருபது நிமிஷத்துல இருபத்தி ஒரு பட்டனும் ஏத்திட்டு வந்துட்டேன். ஊருல நமக்கு தெரிஞ்சவங்க கிட்ட அதே மாடல் இருக்கான்னு கேளுங்க, வளைகுடாவுல இருந்து ஒரே சமயத்துல வந்தவங்க ஒரே மாதிரி செட்டு கொண்டாந்திருப்பாங்க.

வந்ததும் வால்யூம் ரெண்டுலயும் ஊஃபர் குறைக்கிற பட்டன்லயும் சின்னதா துணி பிளாஸ்திரி ஒட்டிக் குடுத்தேன், அப்பத்தா இப்போ தடவியே கண்டுபிடிக்கிறாங்க.

உங்ககிட்ட ஒரிஜினல் இருந்தா, கத்துக்குடுத்து முடிச்ச கையோட கட்டைய கழட்டி, ஜிப் கவர்ல போட்டு, மருந்து டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணையும் கூட வச்சு, பீரோவுல துணிக்கு நடுவுல வச்சுருங்க. ஜன்னல் மேல வேணாம்.