ஹாலோவீன் காகித அலங்காரம்: கத்தரிக்கோல் எடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

அக்டோபர் 31 ஹாலோவீன், பேய் வேடமும் பூசணி விளக்குமாகக் கொண்டாடும் நாள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பக்கம் பல வீடுகளில் சில வாரங்களுக்கு முன்பே ஜன்னலில் கறுப்பு வௌவாலும் சிலந்தி வலையும் ஏறிவிடும். கடைத் தோரணம் வாங்காமல் வீட்டிலேயே வெட்டிவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பாதித் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, தமக்குக் கைத்திறன் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, தாளிலும் மடிப்பிலும்தான்.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் ஒரே தாள். மடித்து வெட்டும் தோரணத்துக்கு 80 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்), அதாவது சாதாரண பிரிண்டர் தாளின் கனம் போதும். சுவரில் சிறகு விரித்து நிற்க வேண்டிய தனி வௌவாலுக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் கார்ட்ஸ்டாக், அதாவது தடித்த அட்டைத்தாள் வேண்டும். இதை மாற்றிப் பயன்படுத்தினால் தோரணத்தை வெட்ட முடியாது, வௌவாலின் சிறகு இரண்டே நாளில் தொங்கிவிடும். குழந்தைகளின் கைவேலைக்கு விற்கும் சொரசொரப்பான கறுப்புத் தாள் மலிவுதான். ஆனால் வெயில் படும் ஜன்னலில் சீக்கிரம் வெளிறும், ஈரம் பட்டால் சாயம் விடும். சில கார்ட்ஸ்டாக்கில் மேல்பூச்சு மட்டும் கறுப்பு, உள்ளே வெள்ளை. வாங்கும்போது ஒரு மூலையைக் கிழித்துப் பார்க்க முடியாது. வெட்டிய பிறகு ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் கறுப்பு மார்க்கரை ஓரமாக ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும்.

அடுத்தது வௌவால் தோரணம். ஏ4 தாளை நீளவாக்கில் 7 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகளாக வெட்டுங்கள். 29.7 செ.மீ. நீளமுள்ள ஒரு பட்டையை விசிறி மடிப்பாக எட்டு மடிப்பு ஆக்கினால் ஒரு மடிப்பின் அகலம் சுமார் 3.7 செ.மீ. அதில் பாதி வௌவால் வரைய வேண்டும், உடல் ஒரு பக்கம், சிறகு நுனி மறுபக்கம். எந்தப் பக்கம் எது என்பதில்தான் கோட்டை விடுவார்கள். எட்டாக மடித்த பட்டையில் தாளின் இரண்டு தளர்ந்த முனைகளும் ஒரே பக்கம் வந்து நிற்கும். உடல் அந்தப் பக்கம் வந்தால், விரிக்கும்போது நடுவில் மூன்று முழு வௌவாலும் இரண்டு முனைகளிலும் அரை அரை வௌவாலும் கிடைக்கும். தளர்ந்த முனை இல்லாத பக்கத்தில் உடலை வரைந்தால் நான்கும் முழுசாக வரும். சிறகு நுனியில் மடிப்போடு ஒட்டி குறைந்தது 1 செ.மீ. வெட்டாமல் விடுங்கள். அழகாகக் கூர்மையாக்குகிறேன் என்று அதையும் சீவினால் தோரணம் தனித்தனி வௌவால்களாக உதிரும். எட்டுக்கு மேல் மடிக்கும் ஆசையும் வேண்டாம். அடுக்குகள் நழுவி, மேல் வௌவாலுக்கும் அடி வௌவாலுக்கும் உருவம் மாறிவிடும். வெட்டும் முன் இரண்டு கிளிப் போட்டுக்கொள்வது நல்லது.

சிலந்தி வலைக்கு 21 செ.மீ. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, பிறகு தாளின் மையம் எப்போதும் கூர்நுனியாக இருக்கும்படி மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் 16 அடுக்குள்ள ஒடுக்கமான முக்கோணம் வரும். 80 ஜிஎஸ்எம் தாளில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், கத்தரிக்கோல் திணறும். டிஷ்யூ பேப்பர் இதற்குத் தோது. ஒரு நீளப் பக்கத்தை வலையின் கதிராக, அதாவது மையத்திலிருந்து வெளியே ஓடும் நேர் இழையாக வைத்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து வளைந்த துண்டுகளை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு கதிர்ப் பக்கத்தைத் தொடாமல் 3 மில்லிமீட்டருக்கு முன் நிற்க வேண்டும். தொட்டால் வலை வளையம் வளையமாகக் கழன்று விழும். வளைவின் திசையும் முக்கியம். நிஜ வலையில் இழைகள் இரண்டு கதிர்களுக்கு நடுவே மையத்தை நோக்கிக் குழிந்திருக்கும். ஆகவே கோடு கதிர்ப் பக்கத்தில் வெளியே தள்ளியும், மறுபக்கத்தில் மையத்துக்கு நெருங்கியும் இருக்க வேண்டும். தலைகீழாக வரைந்தால் விரிப்பது வலையாக இருக்காது, பூக்கோலமாக இருக்கும்.

கத்தரிக்கோலை நுனிவரை மூடி மூடி வெட்டாதீர்கள், மூடும் இடமெல்லாம் சின்னப் பல் விழும். பிளேடுகளின் நடுப்பகுதியால் வெட்டி, வளைவில் தாளைத் திருப்புங்கள், கை அப்படியே இருக்கட்டும்.

பேய்வீடு, பூசணி முகம் மாதிரியான உருவங்களுக்குக் கைவினைக் கத்தி வேண்டும். முதலில் வெளிக்கோட்டை வெட்டிவிட்டால் பிடிமானம் போய்விடும். உள்ளே இருக்கும் சின்ன ஜன்னல்கள் முதலில், வெளிக்கோடு கடைசியில். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் தாள் சுருண்டு கிழியும். லேசாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். மூலையில் நார் பிரிந்தால் பிளேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆங்கில எழுத்து ஓ, ஏ, பி வெட்டும்போது நடுத்துண்டு தனியாக விழுந்துவிடும். அதைத் தாங்க 3 மி.மீ. பாலம் ஒன்றிரண்டு விட வேண்டும். எழுத்தைத் தாளின் பின்பக்கம் தலைமாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல வரையுங்கள். முன்பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டினால் தெருவிலிருந்து சரியாகப் படிக்கலாம், பென்சில் கோடும் வெளியே தெரியாது. வெட்டிய இடங்களுக்குப் பின்னால் ஆரஞ்சு டிஷ்யூ அல்லது பட்டர் பேப்பர் ஒட்டினால் அறை வெளிச்சம் பரவலாக வரும். இதற்குக் குச்சிப் பசையே போதும், வெள்ளைப் பசை மெல்லிய தாளைச் சுருக்கிவிடும்.

குளிர் தேசத்தில் அக்டோபர் இரவில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோர்க்கும். துடைத்துக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள், கண்ணாடியின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள், அங்கேதான் தண்ணீர் தேங்கும். பெயின்ட் சுவரில் செலோ டேப் ஒட்டினால் எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் போதும்.

காகித விளக்குக்குள் மெழுகுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்குகள் மலிவாகவே கிடைக்கின்றன. வீட்டில் வேறு இடத்தில் மெழுகுவத்தி ஏற்றினாலும் காகிதத் தோரணத்துக்கும் அதற்கும் குறைந்தது ஓரடி இடைவெளி விடுங்கள். கதவு திறந்து மூடும்போது தோரணம் காற்றில் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.