கிளாசிக் கார் சங்கத்தின் ஆண்டுவிழா: செலவைப் பகிர்வதும் நாளை நடத்துவதும்

கிளாசிக் கார் சங்கம் ஒன்று தனது 25ஆம் ஆண்டையோ 50ஆம் ஆண்டையோ நெருங்கும்போது, எந்த மைதானம், எத்தகைய விருந்து, யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்ற பேச்சு முதல் கூட்டத்திலேயே தொடங்கிவிடும். அந்தப் பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்து, எந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். விழாக்களுக்குப் பின் சங்கங்களில் எழும் மனத்தாங்கல்களுள் பெரும்பாலானவை மைதானத்தைப் பற்றியோ உணவைப் பற்றியோ எழுபவை அல்ல. விழாவுக்கே வராத தன்னுடைய சந்தாப் பணம் எங்கே போனது என்று ஓர் உறுப்பினர் கேட்கும் கேள்வியிலிருந்து எழுபவை. அந்தக் கேள்வி நியாயமானது. எனவே அதற்கான பதில் விழாவுக்கு ஓராண்டு முன்பே தீர்மானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் விதி எளியது. அந்த நாளில் அனுபவித்து முடிந்துபோகும் உணவு, பந்தல், இருக்கை, மைதான வாடகை போன்றவற்றுக்கு வருகிறவர்கள் பணம் செலுத்த வேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் சங்கத்திடம் தங்கும் விழா மலர், பழைய புகைப்படங்களின் தொகுப்பு, உறுப்பினர் கார்களின் சேசிஸ் எண் பதிவேடு போன்றவற்றுக்குச் சங்க நிதி பணம் தர வேண்டும். சங்க நிதியிலிருந்து விழா நாளுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம் என்று பொதுக்குழு விரும்பினால், அத்தொகையின் உச்ச வரம்பைத் தீர்மானத்திலேயே குறித்துவிட வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. எல்லா உறுப்பினர்களும் வருவதாகச் சொல்வார்கள். வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புவார்கள். ஆனால் பழைய கார் அதன் உரிமையாளரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது அன்று. கார்புரேட்டர் பிரிக்கப்பட்டுக் கிடக்கலாம், கேஸ்கெட் ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே வாய்ச்சொல்லை எண்ணாமல், முன்பணம் செலுத்தியவர்களை மட்டுமே எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை தெரியும்வரை, சங்கத்தின் முந்தைய கூடல்களுக்கு உண்மையில் வந்த கார்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்பது நல்லது. எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி, தொகைகளை வெறும் அலகுகளாக எடுத்துக்கொள்வோம். மைதானத்துக்கு 4,000, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கிக்கு 2,000, காப்பீட்டுக்கு 1,000, மீட்பு வண்டிக்கும் முதலுதவிக்கும் 1,000, கழிப்பறை வசதிக்கும் துப்புரவுக்கும் 1,000 என நிலையான செலவு 9,000 ஆகிறது. எத்தனை கார்கள் வந்தாலும் இது மாறாது. இதற்கு மேல் ஒவ்வொருவரின் உணவுக்கு 40, ஒவ்வொரு காருக்கும் வழங்கும் நினைவுத் தகடு முதலியவற்றுக்கு 30 ஆகும். 50 கார்கள், காருக்கு இருவர் என்று கொண்டால் மாறும் செலவு 5,500, மொத்தம் 14,500. எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 15,950. சங்கம் 3,000 தருகிறது, விளம்பரதாரர்களிடமிருந்து 2,000 கைக்கு வந்துவிட்டது என்றால், மீதி 10,950ஐ 50 கார்கள் பகிர வேண்டும். காருக்கு 219 ஆகிறது. அதை 220 என்று வைத்துக்கொள்ளலாம்.

60 கார்கள் வரும் என்று நம்பி அதே முறையில் கணக்கிட்டிருந்தால் கட்டணம் ஏறத்தாழ 203 ஆகியிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதாகவே தோன்றும். ஆனால் கடைசியில் 40 கார்களே வந்தால், 203 வாங்கிய சங்கம் எதிர்பாராச் செலவு எதுவுமே நேராத நிலையிலும் 280 அலகு நட்டமடையும். 220 வாங்கிய சங்கத்துக்கு 400 மிஞ்சும். கட்டணத்தைக் கூடுமானவரை குறைத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை குழுவில் எப்போதும் எழும், அதில் நல்லெண்ணமும் உண்டு. எனினும் பொருளாளர் இந்த இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும்.

அந்த 220ஐ ஒரே தொகையாக வாங்காமல், காருக்கு 140, ஆளுக்கு 40 என்று பிரித்து வாங்குவதே முறை. தனியாக வருகிறவர் 180 தருவார், நால்வராக வருகிறவர்கள் 300 தருவார்கள். காரை விற்றுவிட்டாலும் சங்கத்தை விட்டு விலகாத மூத்த உறுப்பினர்கள் பெரும்பாலான சங்கங்களில் இருக்கிறார்கள். அவர்கள் உணவுக்கான தொகையை மட்டும் செலுத்திக் கலந்துகொள்ளவும் இந்தப் பிரிப்பு வழிசெய்கிறது. தொடக்க கால உறுப்பினர்களிடம் அதையும் வாங்காமல் விருந்தினர்களாக அழைப்பது ஆண்டுவிழாவுக்கு அழகு. அந்தச் செலவைச் சங்க நிதி ஏற்பதில் எவருக்கும் மறுப்பு இருக்காது.

பணம் போதுமா என்பது ஒரு கேள்வி. உரிய நாளில் கையில் இருக்குமா என்பது வேறொரு கேள்வி. மைதானத்துக்கான முன்பணத்தை விழாவுக்கு ஓராண்டுக்கு முன்பே கட்ட வேண்டியிருக்கலாம். உறுப்பினர்களின் கட்டணமோ கடைசி மூன்று மாதங்களில்தான் சேரும். இடைப்பட்ட காலத்துக்குச் சங்க நிதியிலிருந்து முன்தொகை எடுத்து, கட்டணம் சேர்ந்தவுடன் திரும்பச் செலுத்துவதாகத் தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். குழுவில் ஒருவர் அன்பின் மிகுதியால் தன் சொந்தப் பணத்தைப் போட முன்வந்தால், அது நன்கொடையா கடனா என்பதை அன்றே எழுதி, ரசீது கொடுத்துவிட வேண்டும். விழாவின் வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தது தனிப் பேரேடோ இருக்கட்டும். எந்தத் தொகையும் இருவர் கையொப்பமின்றி வெளியேறக் கூடாது.

கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியையும் பதிவுப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். சமையல் பொறுப்பாளருக்கு இறுதி எண்ணிக்கை தரும் நாள் வரை உணவுத் தொகையைத் திருப்பித் தரலாம், அதன் பிறகு இயலாது. கார் கட்டணம் நிலையான செலவுக்குப் போவதால் பதிவு முடியும் நாளுக்குப் பின் அதைத் திருப்பித் தர முடியாது. ஆனால் கார் பழுதடைந்ததால் வேறு வண்டியில் வரும் உறுப்பினருக்கு நினைவுத் தகட்டை மறுக்கக் கூடாது. வழியில் நின்றுபோய் மீட்பு வண்டியில் வந்து சேர்ந்த கார் விழாவுக்கு வந்த கார்தான்.

விளம்பரதாரர்களைத் தேடும்போது எண்ணெய், டயர், பேட்டரி விற்பவர்கள், உதிரிபாகக் கடைகள், பழைய கார்களுக்குக் காப்பீடு வழங்குவோர், கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைகள் ஆகியோரிடம் முதலில் செல்ல வேண்டும். உங்கள் உறுப்பினர்கள் ஏற்கெனவே அவர்களுடைய வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். பதாகை எங்கே, மலரில் எத்தனை பக்கம், கடை போட எவ்வளவு இடம் என்பதை எழுத்தில் கொடுங்கள். வங்கியில் வந்து சேராத விளம்பரத் தொகையை வரவில் எழுதக் கூடாது. கார் வரிசைக்கு நடுவே புதிய கார்களை நிறுத்தவும், விழாவின் பெயரோடு நிறுவனத்தின் பெயரை ஒட்டவும் கேட்பவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஆண்டுவிழா சங்கத்துக்கு உரியது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியது அளவு வேறுபாடு. ஒரே 1959ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு கார்களை எடுத்துக்கொண்டால், மினி ஏறத்தாழ 3.05 மீட்டர் நீளமுடையது, கேடிலாக் 5.7 மீட்டர். ஆகவே காருக்கு 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் ஒதுக்கி, வரிசைகளுக்கு இடையே 6 மீட்டர் பாதை விட வேண்டும். கதவுகளைத் திறந்து வைக்கவும், இன்ஜின் மூடியைத் தூக்கிக் காட்டவும், பார்க்க வருகிறவர்கள் பெயின்ட்டில் உரசாமல் நடக்கவும் அந்த இடம் தேவைப்படும். டிரெய்லரில் கார் கொண்டுவருகிறவர்களுக்குத் தனி நிறுத்தமும், இழுத்துவரும் வண்டி திரும்புவதற்கான வெளியும் வேண்டும். நுழைவாயிலில் உயர்ந்த மேடோ வேகத்தடையோ இருந்தால் தாழ்ந்த கார்களின் அடிப்பாகம் தட்டும். புல்தரை அழகானது, ஆனால் மழை பெய்தால் கனமான கார்கள் புதையும். மேலும் எண்ணெய் சொட்டாத பழைய இன்ஜின் அரிது என்பதால், ஒவ்வொரு காரின் அடியிலும் வைக்கத் தட்டுகளைச் சங்கமே வாங்கி வைத்தால் மைதான உரிமையாளருக்குச் சேத ஈடு தர நேராது.

கார்களை நிறுத்திவைத்துப் பார்ப்பதோடு முடிக்காமல் ஒரு பயணமும் இருக்க வேண்டும். லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் ஓட்டம், 1896இல் வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாடி நடந்த பயணத்தின் நினைவாக 1927இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 1905க்கு முன் செய்யப்பட்ட கார்களே அதில் பங்கேற்கின்றன. அவ்வளவு பழைய வண்டிகளே ஓடும்போது நம்முடையவை ஓடக் கூடாதா என்று கேட்பது சரி, ஆனால் வழியை அவற்றின் இயல்பறிந்து வகுக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் ஊர்வலம் பழைய கார்களுக்குத் தண்டனை. மின்விசிறி இன்ஜினின் சுழற்சியையே நம்பியிருப்பதால் ரேடியேட்டர் கொதிக்கும். குறைந்த சுழற்சியில் டைனமோ போதிய மின்சாரம் தராததால் 6 வோல்ட் பேட்டரி இறங்கும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி இன்ஜின் நின்றுபோகும். நீண்ட இறக்கங்களில் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களில் பெட்ரோல் ஈர்ப்பு விசையால் மட்டுமே கார்புரேட்டருக்கு இறங்குவதால், தொட்டியில் எரிபொருள் குறைந்த நிலையில் செங்குத்தான ஏற்றத்தில் அது போய்ச் சேராது. ஆகவே சமமான, போக்குவரத்துக் குறைந்த, 40 முதல் 60 கிலோமீட்டர் வழி போதும். மெதுவான கார்கள் முதலில் புறப்படட்டும், வேகமானவை பின்னால் வரட்டும். கடைசியில் மெக்கானிக்கும், தட்டையான மேடை கொண்ட மீட்பு வண்டியும் வர வேண்டும். அந்த வண்டிக்கான பணத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பயணத்தில் நேரம் கணக்கிட்டுப் பரிசு கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் அதைப் பந்தயமாகக் கருதலாம். பணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களைச் சவாரி அழைத்துச் சென்றால், நல்ல நோக்கத்துக்கான நிதியாகவே இருந்தாலும், அதை வாடகை ஓட்டமாகக் கொள்ளலாம். இரண்டிலும் உறுப்பினரின் தனிக் காப்பீடு செல்லாமல் போகக்கூடும். பொதுமக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதும் அனுமதி, வரி, பொறுப்புக் காப்பீடு ஆகியவற்றை மாற்றிவிடும் என்பதால், கணக்கு அது இல்லாமலே நேராகுமானால் அதைத் தவிர்ப்பது நல்லது. தீயணைப்பான்களில் உலர் பொடி வகை காரைக் காப்பாற்றினாலும் அதன் பொடி உலோகத்தை அரிக்கும். நுரை, கார்பன் டை ஆக்சைடு வகைகளையும் வரிசைதோறும் வைக்க வேண்டும்.

கார்களை வரிசைப்படுத்தும் முறைக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1966இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பழமை வாகனக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டுகளுக்குக் குறையாத வயதும், வரலாற்றுக்குப் பொருந்திய நிலையும் உடைய வாகனங்களையே பழமை வாகனங்கள் என்று ஏற்கிறது. அவற்றை 1904 வரை, 1918 வரை, 1930 வரை, 1945 வரை, 1960 வரை, 1970 வரை, அதற்குப் பின் என்று வகுக்கிறது. பரிசுகளைப் பொறுத்தவரை, புதிதுபோல் மின்னும் கார்களுக்கு மட்டுமன்றி, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டோடும் தைத்த இருக்கையோடும் காப்பாற்றப்பட்டு வந்த காருக்கும் தனிப் பரிசு வைக்க வேண்டும். அதற்குச் செலவு மிகக் குறைவு, அந்த உரிமையாளரின் பொறுமைக்கு வேறெங்கும் பாராட்டுக் கிடைப்பதில்லை.

விழா மலருக்கான வேலையை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தொடங்குங்கள். தொடக்க கால உறுப்பினர்களிடம் இருக்கும் படங்களையும், எந்தக் கார் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்ற நினைவுகளையும் சேகரிக்க ஓராண்டு கூடப் போதாமல் போகலாம். முன்பதிவு செய்து பணம் கட்டியவர்களுக்கான படிகளோடு, சங்கத்தின் காப்புக்குச் சில படிகளை மட்டும் கூடுதலாக அச்சிட்டால் விற்காத மலர்கள் குவிந்து கிடக்காது. வர இயலாத உறுப்பினர்களுக்கும் மலர் கிடைக்க வழி செய்வது, அவர்களுடைய சந்தாவும் அதில் இருக்கிறது என்பதற்காக.

விழா முடிந்து இரண்டு மாதங்களுக்குள் வரவு செலவு அறிக்கையை எல்லா உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் சேர்த்தே, அனுப்ப வேண்டும். மிச்சம் இருந்தால் முதலில் சங்க நிதியின் முன்தொகையைத் திருப்பிவிட்டு, மீதியை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பொதுக்குழுவிடம் விட்டுவிடலாம். கிடைத்தற்கரிய உதிரிபாகங்களை மொத்தமாகச் செய்வித்து உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தருவதற்கான நிதியாக அதை வைப்பது பயனுள்ள வழி. அறிக்கையோடு ஒப்பந்தங்கள், ரசீதுகளின் நகல், முன்பணம் கட்டிய கார்கள் எத்தனை, அவற்றுள் உண்மையில் வந்தவை எத்தனை என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து அடுத்த செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டுவிழாவின் கட்டணத்தைக் கணக்கிட வருகிறவர்கள் முதலில் தேடப்போவது அந்த இரண்டு எண்களைத்தான்.