உடைஞ்ச பல்லுத் துண்ட எறிஞ்சிராதீங்க: விழுந்து பல்லு உடைஞ்சா செய்ய வேண்டியது

போன வருசம் தங்கச்சிட மகன் கிணத்தடியில வழுக்கி விழுந்து சீமெந்துக் கட்டுல வாய் அடிபட்டு, மேல் முன்பல்லுல பாதி போயிட்டு. பொடியன் ஒரு பக்கம் அழ, எங்கட அம்மா அந்தத் துண்டப் பொறுக்கி, பால்பல்லு விழுந்தா எறியுற மாதிரியே கூரையில எறியக் கைய ஓங்கிட்டா. நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு மாமியும் ஓடி வந்திட்டா.

நான் டொக்டர் இல்ல, மட்டக்களப்புல ஒரு பல் கிளினிக்ல டொக்டருக்குப் பக்கத்துல நிண்டு சாமான் எடுத்துக் குடுக்கிற ஆள். அங்க வாற தாய் தகப்பன்மார் முக்கால்வாசிப் பேர் கேக்கிறது "இதப் புடுங்கணுமா?" எண்டுதான். அனேகமா தேவையில்ல. ஆனா முதல் ஒரு மணித்தியாலத்துல வீட்டுல என்ன செஞ்சீங்க எண்டதுல நிறைய விசயம் இரிக்கு.

முதல் வேலை பல்லப் பாக்கிறது இல்ல, ஆளப் பாக்கிறது. மயங்கினதா, சத்தி எடுத்ததா, வாய மூடினா மேல்பல்லும் கீழ்பல்லும் வழமை மாதிரிச் சேருதா, மூச்சு எடுக்கக் கஷ்டப்படுதா? இதுல ஒண்டு பிழையா இருந்தாலும் பல்லு பிறகு, 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடிச்சி நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒண்டும் இல்ல எண்டா வாயத் தண்ணியால கொப்பளிக்க வெச்சி, ரெத்தம் வாற இடத்துல சுத்தமான துணிய வெச்சி அமத்திப் புடிங்க. சொண்டு வீங்கினா ஐஸ்கட்டியத் துணியில சுத்தி வெளியால ஒத்தினாப் போதும்.

ரெண்டாவது, துண்டத் தேடுங்க. மண்ணுல, சட்டையில எல்லாம் பாருங்க. கிடைக்கல்ல, சொண்டுலயும் வெட்டுக்காயம் இரிக்கு எண்டா அந்தத் துண்டு சொண்டுக்குள்ளயே புதைஞ்சி கிடக்கலாம், எங்களுக்கு அப்பிடி வந்த கேஸ் இரிக்கு, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். துண்டு காணாமப் போய்ப் புள்ள இருமிக்கிட்டே இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுதோ எண்டும் பாக்கணும். கிடைச்ச துண்டப் பாலுல, இல்லாட்டி தண்ணியில போட்டுக் கொண்டு வாங்க. காய விடக் கூடாது. காஞ்சி போனாலும் எறியாதீங்க, டொக்டர் அத ஒரு 20 நிமிசம் ஊற வெச்சிட்டு ஒட்டப் பாப்பார்.

இங்க ஒரு பெரிய வித்தியாசம் சொல்லணும். உடைஞ்ச துண்டு வேற, வேரோட முழுசாக் கழண்டு வந்த பல்லு வேற. முழுசா வந்தது நிரந்தரப் பல்லு எண்டா வேருல கை படாம வெள்ளைப் பக்கத்தப் புடிச்சி, மண் இருந்தா பாலால சும்மா அலசி, தேய்க்காம அந்தக் குழியிலயே திருப்பி வெச்சி, துணியக் கடிக்கச் சொல்லிட்டு உடன வாங்க. வெக்கப் பயமா இருந்தாப் பசும்பாலுல போடுங்க. படுவான்கரைப் பக்கத்தால வாற ஆக்களுக்குப் பாலுக்கு என்ன பஞ்சம், புளிச்ச தயிருல மட்டும் போட்டுராதீங்க. வெளியில ஒரு மணித்தியாலம் காஞ்சி கிடந்தா வேர மூடி இரிக்கிற உயிர்ச்சவ்வு செத்துப் போகும், அதுதான் இந்த அவசரம். பால்பல்லு கழண்டா திருப்பி வெக்கவே கூடாது, அடியில வளர்ற புதுப்பல்லுக்குக் கேடு.

மூண்டாவது, வீட்டு வைத்தியம். கராம்பு எண்ணெய் பூசாதீங்க, பிறகு ஒட்டுற மெட்டீரியல் சரியா இறுகாது. அஸ்பிரினப் பல்லடியில வெச்சா முரசு (ஈறு) வெந்து போகும். சூப்பர் குளூவால ஒட்டிக்கிட்டு வந்தவரும் இரிக்கிறார், கேட்டா "டீவியில ஒட்டுதே" எண்டார். நோவுக்குப் பனடோல், சின்னப் புள்ளைக்கு எடைக்கு ஏத்த அளவு, அவ்வளவுதான். மண்ணுல விழுந்து காயம் எண்டா ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டது எப்ப எண்டும் பாத்துக்கங்க.

நாலாவது, கிளினிக்ல நடக்கிறது. பல்லுட வெளிப்பூச்சான எனாமல் மட்டும் சிலும்பினா ராவி விடுவாங்க, இல்லாட்டி பல்லு நிறத்துல கொம்போசிட் எண்ட அடைப்பு வெப்பாங்க. உள்ளுக்க மஞ்சளாத் தெரிஞ்சா அது டென்டின், குளிர்தண்ணி பட்டாக் கூசும், அத மூடணும். துண்டு இருந்தாப் பசை பூசி நீல லைட் அடிச்சி அதையே ஒட்டுவாங்க, நிறம் உங்கட பல்லுட நிறமே எண்டதால நல்லாப் பொருந்தும்.

நடுவுல சிவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா நரம்பு வெளிய வந்திட்டு எண்டு அர்த்தம். கேட்ட உடனே சனம் ரூட் கெனல், அதான் நரம்ப முழுசா எடுத்திட்டு அடைக்கிறது, எண்டு பயப்படுது. ஆனா சின்னப் புள்ளைக்கு நரம்ப முழுசா எடுக்காமக் காப்பாத்தத்தான் பாப்பாங்க. மேல் முன்பல்லு 7, 8 வயசுல முளைக்குது, அதுட வேர் நுனி மூட இன்னும் மூணு வருசம் மாதிரிப் போகும், நரம்பு உயிரோட இருந்தாத்தான் வேர் வளரும். அதால நரம்புட மேல்பக்கத்துல ஒரு 2 மில்லிமீட்டர் மாதிரி வெட்டி எடுத்திட்டு, மருந்து வெச்சி மூடுவாங்க. வளந்த ஆக்களுக்கும் சில நேரம் இது சரிவரும், இல்லாட்டித்தான் ரூட் கெனல்.

பல்லு வெளிய முழுசா இரிக்கு, ஆனா ஆடுது எண்டா வேர் உடைஞ்சிருக்கலாம். பக்கத்துப் பல்லுகளோட மெல்லிசுக் கம்பி வெச்சி 4 கிழமை கட்டுவாங்க, முரசுக்குக் கிட்ட உடைஞ்சிருந்தா இன்னும் கூட நாள்.

வீட்டுக்கு வந்தாப் பிறகு கஞ்சி, குழைச்ச சோறு, தயிர் எண்டு மெதுவான சாப்பாடு. நோகுது எண்டு பல்லு விளக்காம விடாதீங்க, மெல்லிசு பிரஷ்ஷால விளக்குங்க. பிறகு 6 தொடக்கம் 8 கிழமையில ஒருக்கா, ஒரு வருசத்துல ஒருக்காக் காட்டணும், நரம்பு வெளிய வந்த பல்லு எண்டா இடையில மூணாம் மாசமும் ஆறாம் மாசமும். நோவு இல்லத்தானே எண்டு கன பேர் வாறதில்ல, நரம்பு நோவே இல்லாமச் சாகும். பல்லு சாம்பல் நிறமா மாறினா, முரசுல சின்னக் கொப்புளம் வந்தா தவணைக்குக் காத்திருக்காம ஓடி வாங்க.

தங்கச்சிட மகன்ட துண்டு ஒட்டி ஏழு மாசம் நல்லா இருந்திச்சி. மாமாங்கத் திருவிழாவுல முன்பல்லாலயே கச்சான் கோது உடைக்கப் போய் திருப்பியும் கழண்டு போச்சி. அடுத்த நாள் காலத்தால கிளினிக் வாசல்ல நிக்கிறார், கையில ஒரு சின்னப் போத்தல், அதுக்குள்ள பாலு, பாலுக்குள்ள துண்டு.