முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள்: புகைமர பெர்ஃப்யூமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் ஒரு பெர்ஃப்யூமை மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம் அப்படியே வந்தது. ஐந்தே நிமிடத்தில் பணம் கட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்தால் ஆரஞ்சைக் காணோம். தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்புதான் கையில் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்று ஒரே கோபம். அவசரப்பட்டது நான்தான் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

சிட்ரஸ், மசாலா, புகைமரம் மூன்றும் சேர்ந்த கலவை, ஆண், பெண் இருவரும் போடும் யூனிசெக்ஸ் வகையில், தேர்ந்தெடுத்த சில கடைகளில் மட்டும் விற்கும் 'நிஷ்' பெர்ஃப்யூம்களில் அடிக்கடி வருவது. இதில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் நிறைந்திருக்கும் லிமோனீன் மிக லேசானது. தோலின் சூடு பட்டதும் பறக்கத் தொடங்கிவிடும். அரை மணி நேரம் நின்றாலே பெரிது. பின்னால் வரும் மிளகும் ஏலக்காயும் ரொம்ப நேரம் இருக்காது, கிராம்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் மாலை வரை ஆட்சி சிடார் மரம், வெட்டிவேர், பிர்ச் தார் (பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுக்கும் புகைவாசத் தார்) வகையறாவுடையது. புகை வாசம் தரும் குவாயக்கால் என்ற பொருள் நிஜ விறகுப் புகையிலும் உண்டு. அதனால் என் மூக்கு விறகடுப்பை நினைத்ததில் தப்பில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. டெஸ்டர் காகிதத்தில் உடல் சூடு கிடையாது. வேண்டாததைக் கழித்துக்கட்ட மட்டுமே அது உதவும். பிடித்ததைத் தோலில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பிடித்தால் பார்க்கலாம். 2 மில்லி சாம்பிள் கிடைத்தால் இன்னும் நல்லது, வெயில் நாளிலும் குளிர் நாளிலும் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த தவறு இதைவிட மோசம், ஏனென்றால் சுற்றியிருப்பவர்களும் அதைச் சேர்ந்து அனுபவிக்க வேண்டும். சிட்ரஸ் போனதும் 'வாசனையே போய்விட்டது' என்று மறுபடி அடிப்பது. போனது மேல் அடுக்கு மட்டும்தான். அடியில் மரமும் புகையும் அப்படியே இருக்கின்றன, நம் மூக்குதான் பழகி மரத்துவிட்டது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் புகையின் மேல் புகை ஏறும். நான் அப்படி மூன்றாவது தடவை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறிய நாளில், பக்கத்தில் நின்றவர் மேலே பார்த்து, "எங்கேயோ வயர் கருகுற மாதிரி இல்ல?" என்றார். நானும் மேலே பார்த்தேன், வேறு என்ன செய்ய?

இந்த வகைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஸ்ப்ரே போதும். ஐசோ ஈ சூப்பர் போன்ற செயற்கை மரவாசனைப் பொருள்கள் சிலர் மூக்குக்குத் தெரியாது, சிலருக்கு விட்டுவிட்டுத் தெரியும். ஆகவே 'எனக்கே வரவில்லையே' என்பதை அளவாக வைக்காதீர்கள். வீட்டில் யாரையாவது கேளுங்கள். மூக்கைத் தெளியவைக்கக் கடைகளில் காபிக்கொட்டை வைத்திருப்பார்கள். வெறும் காற்றைவிட அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

மணிக்கட்டுகளைத் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பது கதை. ஆனால் அந்தச் சூட்டில், ஏற்கெனவே ஓடத் துடிக்கும் சிட்ரஸ் இன்னும் வேகமாக ஓடும்.

சிட்ரஸ் நீடிக்கட்டும் என்று எலுமிச்சை அல்லது பெர்கமாட் (ஒரு சிட்ரஸ் பழம்) எசென்ஷியல் ஆயிலைத் தாங்களாகவே தோலில் தடவிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். குளிர்முறையில் பிழிந்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். பெர்ஃப்யூம் தயாரிப்பவர்கள் பெர்காப்டனை நீக்கிய எண்ணெயை எடுப்பார்கள், அல்லது அளவைக் கட்டுப்படுத்துவார்கள்.

'நிஷ்' என்றால் எல்லாம் இயற்கை, நாள் முழுக்க நிற்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அந்தச் சொல் விற்பனை முறையைப் பற்றியது, உள்ளே இருப்பதைப் பற்றியது அல்ல. பாட்டிலில் 'ஓ டி பர்ஃபம்' (வாசனை எண்ணெய் அதிகமுள்ள வகை) என்று போட்டிருந்தாலும் எலுமிச்சை எலுமிச்சைதான்.

புகை என்றால் ஆண்களுக்கு, சிட்ரஸ் என்றால் பெண்களுக்கு என்று பிரிப்பதும் வீண். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் சிட்ரஸ் நீரை ஆண்களும் பெண்களும் போட்டுக்கொண்டார்கள். 1994இல் கால்வின் க்ளைனின் யூனிசெக்ஸ் பெர்ஃப்யூமான சிகே ஒன் வந்தபோது புதுமை என்று பேசப்பட்டது பழைய வழக்கம்தான். நான் கோபப்பட்ட அந்த பாட்டில் இப்போது என் தங்கையிடம் இருக்கிறது, விறகடுப்பு நேரம்தான் அவளுக்கு இஷ்டம்.

பாட்டிலைக் குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைத்தால் முதலில் கெடுவது சிட்ரஸ்தான். லிமோனீன் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வாசனை டர்பன்டைன் பக்கம் சாயும். சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும். இருட்டான அலமாரியில், பெட்டியோடு வையுங்கள். பாட்டில் பாதிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று அதிகம், சேர்த்துவைக்காமல் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

துணியில் அடிப்பதானால் வெள்ளைச் சட்டையும் பட்டும் வேண்டாம், மரப்பிசின் கலந்த திரவம் மஞ்சள் கறை விடும். கம்பளி ஜாக்கெட் என்றால் உட்புறத்தில் ஒரு ஸ்ப்ரே. மூன்று நாள் கழித்தும் புகை இருக்கும், அதுவரை அந்த ஜாக்கெட்டோடு வேறு பெர்ஃப்யூம் போட முடியாது.