பொம்மைப் படம்தானே என்று உட்காருவதற்கு முன்: கனமான அனிமேஷன் படங்களைப் பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2016ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பிற்பகலில் பிரிட்டனின் சேனல் 5 தொலைக்காட்சி ‘வாட்டர்ஷிப் டவுன்’ என்ற அனிமேஷன் படத்தை ஒளிபரப்பியது. முயல்களைப் பற்றிய படம், அதுவும் முயலும் முட்டையும் அடையாளமாக விளங்கும் பண்டிகை நாளில். திரையில் வந்ததோ வேறு. வயல் முழுவதும் ரத்தம் பரவுவதாக ஒரு சிறுமுயல் காணும் தரிசனம், வளைகள் அடைபட்டு உள்ளே மூச்சுமுட்டிச் சாகும் முயல் கூட்டம், கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகி வாயில் ரத்தம் வழியக் கிடக்கும் ஒரு முயல் என்று காட்சிகள் வந்தபோது, பெற்றோர் பலர் கொதித்துப்போய்ச் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். அதே படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் சிலரோ, தங்கள் இளமையின் மறக்க முடியாத படம் அதுதான் என்று பரிந்து பேசினார்கள். இரு தரப்பும் சொன்னது உண்மைதான். பிள்ளைக்கு ஒரு படத்தைக் காட்டலாமா என்று தீர்மானிக்க வேண்டிய பெற்றோர், இப்படி எதிரெதிராக வரும் கருத்துகளை எப்படிப் பயன்படுத்துவது, படம் ஓடும்போதும் முடிந்த பின்பும் என்ன செய்வது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

சான்றிதழை எவ்வளவு நம்பலாம்

‘வாட்டர்ஷிப் டவுன்’ 1978இல் வெளிவந்தது. ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் எழுதிய நாவலை மார்ட்டின் ரோசன் படமாக்கியிருந்தார். பிரிட்டன் தணிக்கை வாரியம் அதற்கு எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழை அளித்தது. வரைந்த படம் என்பதால் வன்முறையின் கோரம் குறைகிறது, பார்க்கும்போது பிள்ளைகள் மனம் கலங்கினாலும் கதையின் மயக்கம் கலைந்த பிறகு அது பெரிதாகத் தங்காது என்பதே அன்றைய தணிக்கையாளர்கள் கருதியது. இந்தக் கணிப்பு தவறென்று சொல்லிப் பல ஆண்டுகளாகப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஒருவழியாக 2022இல், படம் மீண்டும் பரிசீலனைக்கு வந்தபோது, பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்னும் ‘பிஜி’ வகைக்கு அது மாற்றப்பட்டது. வன்முறை, அச்சுறுத்தல், சிறிதளவு ரத்தம் ஆகியவற்றோடு தகாத சொல் ஒன்றும் காரணமாகக் காட்டப்பட்டது. அந்தச் சொல்லைச் சொல்வது ஒரு கடற்காகம்.

நாற்பத்து நான்கு ஆண்டுகளில் படத்தின் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. மாறியது பார்ப்பவர்களின் அளவுகோல். ஆகவே சான்றிதழைக் கதவில் ஒட்டிய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான பட்டியலாகக் கொள்ள முடியாது. இந்தியாவில் நெடுங்காலம் ‘யுஏ’ என்ற ஒரே வகைக்குள், ஆறு வயதுக்குப் பொருந்துவதும் பதினைந்து வயதுக்குப் பொருந்துவதும் ஒன்றாகக் கிடந்தன. 2024இல் வந்த புதிய விதிகளின்படி அது ‘யுஏ 7+’, ‘யுஏ 13+’, ‘யுஏ 16+’ என்று மூன்றாகப் பிரிந்திருப்பது நல்ல மாற்றம். ஓடிடி தளங்களில் இதே மாதிரியான வயது வகைகளைத் தளங்களே தங்கள் படங்களுக்கு இட்டுக்கொள்கின்றன. அங்கே படம் தொடங்கும்போது வயதுக் குறியோடு சேர்ந்து வரும் ‘வன்முறை’, ‘அச்சமூட்டும் காட்சிகள்’ போன்ற சொற்களைப் படிப்பவர் அரிது. எண்ணைவிட அந்தச் சொற்களே அதிகம் சொல்கின்றன.

பிறர் கருத்தைப் படிக்கும் முறை

ஒரு படத்தைப் பற்றி நூறு பேர் எழுதியிருந்தால், அவற்றில் பத்துதான் உங்களுக்குப் பயன்படும். “குழந்தைகளுக்கு ஏற்றதல்ல” என்ற ஒற்றை வரியும், “எல்லாரும் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய காவியம்” என்ற ஒற்றை வரியும் எழுதியவரின் மனநிலையை மட்டுமே சொல்கின்றன. பார்த்த பிள்ளைக்கு என்ன வயது, எந்தக் காட்சியில் என்ன செய்தது என்ற இரண்டையும் சொல்லும் கருத்தைத் தேடுங்கள். “கண்ணிக் காட்சியில் என் ஆறு வயது மகள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், சண்டைக் காட்சிகளை அசையாமல் பார்த்தாள்” என்று ஒருவர் எழுதியிருந்தால், அதைத் தனியே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எழுதியவர் எதை எதிர்பார்த்துப் போனார் என்று பாருங்கள். கோபக் குரல்களில் பெரும்பகுதி படத்தின் மீதான கோபமாக இருப்பதில்லை. ஏமாந்த எதிர்பார்ப்பின் கோபமாகவே இருக்கிறது. ஜப்பானில் 1988 ஏப்ரல் 16 அன்று ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் இரண்டு படங்கள் ஒரே நுழைவுச் சீட்டில் இரட்டைக் காட்சியாக வெளியாயின. ஒன்று, காட்டுத் தெய்வத்தோடு இரு சிறுமிகள் நட்பாகும் ‘மை நெய்பர் டோட்டோரோ’. மற்றது, 1945இல் கோபே நகரின் மீது விழுந்த குண்டுகளுக்குப் பின் ஒரு சிறுவனும் அவன் நான்கு வயதுத் தங்கையும் பசியால் மெல்ல மெல்ல அழிவதைச் சொல்லும் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. டோட்டோரோவுக்காகப் பிள்ளையை அழைத்துப்போன தாயொருத்தி எந்த மனநிலையில் வெளியே வந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தால், ‘அனிமேஷன்’ என்ற சொல் ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

மூன்றாவதாக, பெரியவரின் கலக்கத்தையும் பிள்ளையின் கலக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். இங்கேதான் நாம் அதிகம் தவறுகிறோம். 2009இல் வந்த ‘அப்’ படத்தின் தொடக்கத்தில், ஒரு தம்பதியின் வாழ்நாள் முழுவதும், கரு தங்காமல் போன துயரமும் மனைவியின் மறைவும் உட்பட, வசனமில்லாத சில நிமிடங்களில் கடந்துபோகிறது. அரங்கில் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மடியிலிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, வீடு எப்போது பறக்கும் என்று கேட்கும். மருத்துவமனை அறையில் குனிந்து அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முதுகு என்ன சொல்கிறது என்பது அதற்கு எட்டாது. எட்ட வேண்டியதும் இல்லை. மாறாக, 1942இன் ‘பாம்பி’யில் தாய்மான் சாவது திரையில் காட்டப்படுவதே இல்லை. ஒரு வேட்டொலி, பனி, தாயைக் கூப்பிட்டுக்கொண்டு அலையும் குட்டி, அவ்வளவுதான். ரத்தத் துளி இல்லாத அந்தக் காட்சிதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உலுக்கியிருக்கிறது. சிறு பிள்ளைக்கு ரத்தத்தைவிட அம்மாவைக் காணவில்லை என்பதே பெரிய பயம். ஆகவே “நான் அழுதேன், பிள்ளைக்குக் காட்டாதீர்கள்” என்ற கருத்தைப் பார்த்தால், அழுதது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பயத்தைப் பற்றியே பேசாத எதிர்ப்பும் உண்டு. 2022இல் வெளியான ‘டர்னிங் ரெட்’, டொரொண்டோவில் வாழும் பதின்மூன்று வயதுச் சீன வம்சாவளிச் சிறுமி உணர்ச்சிவசப்படும்போதெல்லாம் பெரிய செம்பாண்டாவாக மாறுவதைச் சொல்கிறது. மகள் பெரியவளாகிவிட்டாள் என்று தவறாக எண்ணி நாப்கின் பொட்டலங்களோடு தாய் ஓடிவரும் காட்சிக்காகச் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். மகளோடு அந்தப் பேச்சைத் தொடங்க ஒரு வழி கிடைத்ததென்று வேறு சிலர் மகிழ்ந்தார்கள். மஞ்சள் நீராட்டுக்குத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கும் ஊரில், அதே செய்தி கார்ட்டூனில் வந்தால் ரிமோட்டைத் தேடும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய கருத்துகளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை பெரியவர்களின் கூச்சத்தைப் பற்றியவை. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் விடை இராது.

படம் ஓடும்போது

வழி ஒன்றுதான், ஆனால் சோம்பலால் எல்லாரும் தவிர்ப்பது: முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். முழுப் படத்துக்கும் நேரமில்லாவிட்டால், பிறர் கருத்துகளில் திரும்பத் திரும்ப வந்த காட்சிகளையாவது பார்த்து, அவை எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையோடு பார்க்கும் நாளில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்காதீர்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால், படம் முடிந்த பின் விளையாடவும், சாப்பிடவும், கேள்வி கேட்கவும் நேரம் இருக்கும். கடைசிக் காட்சியோடு நேரே படுக்கைக்குப் போகும் பிள்ளை அதைக் கனவில்தான் முடித்துக்கொள்ளும். அறையில் ஒரு விளக்கு எரியட்டும். திரையரங்கானால் வரிசையின் ஓர இருக்கையை எடுங்கள், எழுந்து போக வேண்டியிருந்தால் பத்துப் பேரின் காலை மிதிக்க வேண்டாம். கடுமையான காட்சி வரும்போது பிள்ளையின் கண்ணைக் கையால் மூடுவது நம் பழக்கம். அதனால் பயன் குறைவு. கண் மூடியிருக்கும்போது காது கூர்மையாகிறது, காணாத காட்சியைக் கற்பனை இன்னும் கோரமாக வரைந்துகொள்கிறது. ஒலியைக் குறைப்பது மேல். அச்சத்தில் பாதி பின்னணி இசையிலிருந்து வருவது. “ஒன்றுமில்லை, பொம்மைதான்” என்று சொல்லிப் பயத்தைத் தட்டிவிடவும் வேண்டாம். சற்று முன்பு வரை அந்தப் பொம்மைக்காகச் சிரித்த பிள்ளையிடம், இப்போது மட்டும் அது பொம்மை என்று சொல்வது நேர்மையாகாது. “பயமாக இருக்கிறதா, நிறுத்தட்டுமா?” என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதும்.

ஃபயர்ஃபிளைஸ் படத்தைப் பதின்மூன்று வயதுக்குக் கீழே காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அது பயமுறுத்துவதால் அல்ல. சிறுவன் இறந்துபோவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதை பின்னோக்கிப் போகிறது. அடைக்கலம் தந்த உறவுக்காரப் பெண்ணின் கடுஞ்சொல், சிறுவனின் வீம்பு, போர்க்காலத்து அரிசிப் பஞ்சம் என்று அந்தச் சாவுக்கான காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத வயதில் வெறும் துயரம் மட்டுமே மிஞ்சும். ஈழத்தில் பதுங்குகுழியையும் இடப்பெயர்வையும் கண்ட தாத்தாவோ அம்மம்மாவோ உள்ள வீடானால், பிள்ளையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவர்களிடம் படம் எதைப் பற்றியது என்று சொல்லி, கூட இருக்க விருப்பமா என்று கேட்டுவிடுங்கள்.

முடிந்த பிறகு

அழும் பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அழுகை வந்தால் படம் அதற்கு விளங்கியிருக்கிறது என்று பொருள். பேசாமல் எழுந்துபோய் மூலையில் உட்காரும் பிள்ளையின் அருகில்தான் உட்கார வேண்டும். உடனே எதையும் கேட்க வேண்டியதில்லை. “அந்த முயல் செத்துப்போச்சா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பதே விடை. “தூங்குது” என்று சொன்னால், அன்றிரவு தூங்கப் போவதற்கே பிள்ளை அஞ்சக்கூடும். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். அது இரண்டு நாள் கழித்து, பல் துலக்கும்போது வரலாம்.

நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசச் சொற்கள் இல்லை என்பது பாதி உண்மைதான். 2017இல் வந்த ‘கோகோ’வில் மெக்சிகோ குடும்பம் மறைந்தவர்களின் படங்களை வைத்துப் பூவும் உணவும் படைப்பதைப் பார்த்த என் அக்காள் மகள், “அமாவாசைக்கு நாம காக்காவுக்கு வைக்கிற மாதிரி” என்று தானாகவே சொன்னாள். இரண்டு மணி நேரம் விளக்கியிருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

அடுத்த சில நாட்கள் விளையாட்டைக் கவனியுங்கள். முயல் செத்து விழும் விளையாட்டையே பிள்ளை திரும்பத் திரும்ப ஆடினால் திட்ட வேண்டாம், செரிக்க முடியாததை அது அப்படித்தான் செரிக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, தனியே இருக்க மறுத்தாலோ குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, நீங்களும் உங்கள் கருத்தை நாலு பேரிடம் சொல்லவோ எழுதவோ செய்வீர்கள் அல்லவா? படம் பார்த்த இரவே எழுதாதீர்கள், இரண்டு நாள் ஆறப்போடுங்கள். கதையின் முடிவை வெளியிடாமல், வயதும் காட்சியும் பிள்ளை செய்ததும் மட்டும் இருந்தால் அடுத்த பெற்றோருக்கு அதுவே போதும். இப்படி எழுதலாம்: “மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு ஒன்பது. கண்ணிக் காட்சியில் மகன் மடியில் ஏறிக்கொண்டான், ஒலியைக் குறைத்தோம், பிறகு இறங்கிப் பார்த்தான். மகள் எதற்கும் அசையவில்லை. மறுநாள் காலையில் அவள் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கடற்காகம் என்ன சொல்லித் திட்டியது என்பதுதான்.”