ஹெபடைட்டிஸ் சி உள்ளவருக்கு வெள்ளணு குறைந்தால்: இரத்தச் சீட்டைப் படிப்பதும் அடுத்துச் செய்ய வேண்டியதும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இந்த எல்லைப் பகுதியில் ஒரு நோயாளியின் வைத்தியம் ஒரே ஊரில் முடிவதில்லை. இரத்தம் கொடுப்பது சித்தூரில், ஸ்கேன் எடுப்பது பாலக்காட்டில், ஈரல் மருத்துவரைப் பார்ப்பது கோயம்புத்தூரில் என்று மூன்று இடங்களில் மூன்று விதமான சீட்டுகள் சேரும். ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி நாள்பட்டு இருந்த ஓர் அம்மாவின் மகன் ஒருநாள் அப்படி இரண்டு சீட்டுகளை என் மேசைமேல் விரித்து, “அக்கா, போன மாசம் மூணுதான் இருந்துச்சுங்க, இப்ப மூவாயிரத்து நூறு ஆயிருச்சு, மருந்து பிடிச்சிருச்சுங்களா?” என்று கேட்டார். முதல் சீட்டில் 3.1 என்றும், அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் அலகும் அச்சிட்டிருந்தது. அடுத்த சீட்டில் அதே அளவு 3,100 என்று இருந்தது. எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி, தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது வழக்கம். ஆனால் தொற்றுக்கு அஞ்ச வேண்டுமா என்பதை மொத்த எண்ணிக்கை சொல்லாது; பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் எத்தனை என்பதே சொல்லும். சில கூடங்கள் இதைப் பாலிமார்ஃப் என்று அச்சிடும். மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் அந்த எண்ணிக்கை கிடைக்கும். அந்த அம்மாவுக்கு மொத்தம் 3,100, நியூட்ரோஃபில் 52 சதவீதம். கணக்குப் போட்டால் 1,612. நியூட்ரோஃபில் 1,500க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 1,000 முதல் 1,500 வரை லேசான குறைவு, 500 முதல் 1,000 வரை நடுத்தரக் குறைவு, 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. மொத்தம் குறைவு என்று அழுதுகொண்டு வந்த குடும்பத்தாரிடம் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டி அனுப்பிய நாட்கள் பல. இதற்கு நேர்மாறாக, மொத்தம் 3,000 இருந்தும் நியூட்ரோஃபில் 20 சதவீதம் மட்டுமே என்றால் கணக்கு 600 ஆகிவிடும்; அந்தச் சீட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்கக் கூடாது.

அடுத்து, குறைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பல ஆண்டுகள் ஈரலில் தங்கி அதைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டால், குடலிலிருந்து ஈரலுக்கு வரும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்கி, இரத்த அணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது வெள்ளணு தனியாகக் குறைவது அரிது. பெரும்பாலும் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுவும் சேர்ந்தே குறைந்திருக்கும். எனவே நோட்டில் வெள்ளணுவுக்குப் பக்கத்திலேயே பிளேட்லெட்டையும், ஸ்கேன் சீட்டில் உள்ள மண்ணீரல் நீளத்தையும் எழுதுங்கள். நீளம் 13 செண்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். பிளேட்லெட்டும் மண்ணீரலும் சரியாக இருந்து வெள்ளணு மட்டும் குறைந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பி12 அல்லது ஃபோலேட் பற்றாக்குறை, மது, எச்ஐவி, தைராய்டுக்குத் தரும் கார்பிமசோல் போன்ற மாத்திரைகள், அண்மையில் வந்துபோன வைரஸ் காய்ச்சல் ஆகியவை அவற்றுள் சில. மறுபரிசோதனை செய்யும்போது, இயந்திரத்தின் எண்ணோடு நிற்காமல், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கவும் கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் சரியாகக் கலக்காமல் உறைந்து, பொய்யான குறைவைக் காட்டியதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

முன்பு இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் அந்த ஊசியே இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அடக்கி வெள்ளணுவைக் குறைத்தது. நியூட்ரோஃபில் 750க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 500க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். இன்றைய சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர், வெல்படாஸ்விர் மாத்திரைகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. வெள்ளணு குறைவாக இருப்பதால் மாத்திரை தாங்காது என்று எண்ணித் தள்ளிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் ஈரலுக்குத்தான் கேடு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இம்மருந்து இலவசம். தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம் செய்திருக்க வேண்டும், ஏனெனில் சி அடங்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் பி கிளம்பக்கூடும். இதயத்துக்கு அமியோடரோன், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் அல்லது கார்பமசெபைன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே உள்ளவருக்கு வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை முதல் பேருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ புத்தித் தடுமாற்றமோ வந்தால், நியூட்ரோஃபில் எவ்வளவு இருந்தாலும் அவசரம்தான், அந்த நீரிலேயே கிருமி புகுந்திருக்கலாம். மழைக்காலத்தில் இங்கே டெங்கு வரும். டெங்குவும் வெள்ளணுவையும் பிளேட்லெட்டையும் இறக்கும். வழக்கமாகவே பிளேட்லெட் 90,000 உள்ளவர் என்று நோட்டைக் காட்டினால்தான், எது பழைய குறைவு எது புதிய வீழ்ச்சி என்று அவசரப் பிரிவு மருத்துவருக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஈரல் சுருக்கம் உள்ளவர் ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

வெள்ளணுவை ஏற்றுவதாகச் சொல்லி உறவினர் கொடுக்கும் பச்சிலைகளில் சீந்தில்கொடியைப் பெயர் சொல்லியே விலக்குகிறேன். மலையாளத்தில் சிற்றமிர்து என்பார்கள். எதிர்ப்புச் சக்திக்கென்று தொடர்ந்து குடித்துச் சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது மருத்துவப் பதிவுகளில் உள்ளது. சித்தூர்த் தாலுக்காவில் கள் உணவைப் போலப் பழகியது என்றாலும் அதுவும் மதுவே, ஈரலையும் மஜ்ஜையையும் ஒருசேரக் கெடுக்கும். கல்லுமக்காயும் சிப்பியும் நன்றாக வேகாமல் வாயில் வைக்கக் கூடாது. பல் பிடுங்கப் போகும்போதும் நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனை எதிர்மறையாக வந்தால் நோய் நீங்கியது என்று பொருள். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை மட்டும் ஆயுள் முழுவதும் நேர்மறையாகவே காட்டும். அதைக் கண்டு மறுபடி நோய் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தால் வெள்ளணு மெதுவாக ஏறலாம், அல்லது 3,000 அளவிலேயே நிற்கலாம். ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் எடுத்து, அதே நோட்டில் அடுத்த வரியில் அந்தத் தேதியையும் மண்ணீரல் நீளத்தையும் எழுதிக்கொண்டே வர வேண்டும்.